மூன்று கூட்டம் வராதவர்

1961. சிராங்கூன் சாலை மாடியறையில் பதினெட்டாம் நூற்றாண்டு ஆய்வுக் கழகத்தின் ஆண்டுக் கூட்டம். அந்த நூற்றாண்டைப் பற்றி ஒரு வரி படிக்காதவர்கள் முன்வரிசை நாற்காலிக்கு முட்டி மோதினார்கள். செயலாளரான நான் உறுப்பினர் பதிவேட்டைத் திறந்தேன்.

“குணமணி மூணு வருஷமா கூட்டத்துக்கு வரல. விதிப்படி பேரை எடுத்துடுங்க லா,” என்றார் தலைவர் ஆதிமூலம்.

“ஐயா, அவர் ஏன் வரலைன்னா...”

“சாக்கெல்லாம் வேணாம். எல்லாரும் கை தூக்குங்க!”

வடை பிடித்த கைகளும் உயர்ந்தன. குணமணியின் பெயர்மேல் கோடு இழுத்தேன்.

“அடுத்து?”

“நம்ம இதழுக்கு வந்த ஒரே கட்டுரை. புதுச்சேரியில கிடைச்ச பழைய கடிதங்களைப் பத்தி.”

“பிரமாதம்! யார் எழுதினது?”

“குணமணி. மூணு வருஷமா அங்கதான் இருக்கார். அந்தக் கடிதங்களைத் தேட அவரை அனுப்பினதே நம்ம கழகம். உத்தரவுல கையெழுத்துப் போட்டது நீங்க.”

ஆதிமூலம் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“உறுப்பினர் இல்லாதவர் கட்டுரையைப் போட விதியில இடமில்லையே. என் பேர்ல போட்டுடுங்க.”

இந்த முறை யாரும் சொல்லாமலே கைகள் உயர்ந்தன.