பலகை ஊர்வலம்

மூன்றாவது வீட்டிலும் பூஷ்தாவைப் பிச்சைக்காரர் என்றே நினைத்தார்கள்.

“அல்லா லேசாக்குவான், போங்க பெரியவரே,” என்று ஒரு பெண் கதவைச் சாத்தப் போனாள்.

“பிச்சை இல்லக்கா, இவருதான் ஓதி முடிச்ச மாணவர்,” என்று பின்னால் நின்ற பொடியன்கள் கத்தினார்கள்.

அவள் அறுபது தாண்டிய மாணவரை மேலும் கீழும் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் முட்டை எடுத்துவந்தாள்.

குர்ஆனில் ஒரு பங்கை மனப்பாடமாக ஓதி முடித்த பையனின் மரப்பலகையில், ஓதிக்கொடுக்கிற ஃபகீஹ் பூ வரைந்து கொடுப்பார். அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனால் முட்டையும் சர்க்கரையும் கிடைக்கும். ஓதி முடித்தவன் அந்த வீட்டாருக்குப் பேர் சொல்லி இறைவனிடம் துஆ கேட்பான். கூட வந்தவர்கள் ஆமீன் சொல்வார்கள். தாஸா ஊரில் பால்பல் விழுகிற வயதில் முடிந்துவிடுகிற காரியம் அது.

பூஷ்தாவின் பலகையிலும் ஃபகீஹ் மஞ்சளும் சிவப்புமாக வரைந்திருந்தார். பையன்கள் மூலையில் தாடி வைத்த கழுதை ஒன்றைச் சேர்த்திருந்தார்கள்.

அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். இரண்டு வருஷமாக அப்படித்தான். பாடம் மனதில் ஏறுவதற்கு முன்பே பலகையைக் கழுவி வைப்பார்கள். மடங்காத முழங்காலை மடக்கிப் பாயில் உட்கார்ந்தால் நாணல் பேனா காணாமல் போயிருக்கும். அத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது மேலத்தெருவில் இருக்கிற ஒரே ஒரு வாசலுக்காக.

“தன் பேரைக்கூட எழுதத் தெரியாத ஆளை நாலு பேர் முன்னாடி எப்படிக் காட்டுறது?” அந்த வீட்டு ஜவாத் ஒருமுறை கேட்டிருந்தான். அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

இனிமேல் காட்டலாமே. அந்த ஆசை அவரைப் பைத்தியமாகப் பிடித்திருந்தது.

“மேலத்தெருவுக்கும் போவோம்டா.”

“மேடு ஏறணுமே தாத்தா,” என்றான் ஸுஹைர். “உங்கள யாரு தூக்குறது, முட்டைய யாரு தூக்குறது?”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

ஜவாத்தின் வீட்டில் கதவைத் திறந்தது அவன் மனைவி. இவள் சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனது.

“இந்த வயசிலயா? மாஷா அல்லா. ஏங்க, இங்க வந்து பாருங்களேன்.”

ஜவாத் வந்தான். பூஷ்தா கழுதை இருந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பலகையை உயர்த்திப் பிடித்தார்.

ஜவாத் மனைவியைப் பார்த்தான். முட்டைக்கூடையைப் பார்த்தான். வேறெதையும் பார்க்கவில்லை.

அவள் கூடையில் முட்டைகளையும் ஒரு கூம்புச் சர்க்கரையையும் வைத்தாள். “ஜவாத்னு பேர் சொல்லி துஆ கேளுங்க. இவங்க வாப்பாவுக்கும் சேர்த்துக் கேட்டுடுங்க. எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே மௌத்தாகிட்டாங்க. நான் முகத்தக்கூடப் பார்த்ததில்ல.”

“வாப்பா பேரு என்னக்கா?” என்று ஸுஹைர் கேட்டான்.

“பூஷ்தா.”

பையன்கள் குபீரென்று சிரித்தார்கள். “தாத்தா, உங்க பேருதான்.”

பூஷ்தா ஜவாத்தைப் பார்த்தார். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனைவிக்குத் தெரியாமல் கண்ணால் ஒரு ஜாடை காட்டினாலும் போதும். அவன் கதவுத் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டு நின்றான்.

பெரியவர் பலகையை ஸுஹைரிடம் கொடுத்துவிட்டு இரு கைகளையும் ஏந்தினார். ஜவாத்துக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் கேட்டார். பிறகு, மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட பூஷ்தாவின் பாவங்களை மன்னிக்கும்படியும் அவருடைய கப்ருக்குழியை விசாலமாக்கும்படியும் கேட்டார். எங்கும் தடுமாறவில்லை. அவர் இவ்வளவு சுத்தமாக ஓதி பையன்கள் கேட்டதே இல்லை.

“ஆமீன்,” என்று அவர்கள் தெருவே அதிரக் கத்தினார்கள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, மகனும் சொன்னான்.