பந்தம் என்ற சொல்

ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்த கல், அச்சுத்தாளின் மேல் விழுந்தது.

"பைண்டரை வெளிய அனுப்பு!" என்று தெருவிலிருந்து கத்தினார்கள்.

பிழைதிருத்துநர் மேசைக்கடியில் குனிந்தார். எதற்கெடுத்தாலும் பொருள் கேட்டு ஆளை வதைப்பதால் அச்சகத்தில் அவருக்கு 'அகராதி' என்று பெயர். அன்று உண்மையிலேயே ஓர் அகராதிக்குத்தான் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தார்.

'பந்தம்' என்ற சொல்லில் நின்றிருந்தார். மூலம், கட்டு. மனிதரைக் கட்டுவதால் உறவு பந்தம். கழியில் துணியைச் சுற்றிக் கட்டுவதால் தீவட்டியும் பந்தம். எதை முன்னால் போடுவது என்று காலையிலிருந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அது கீழே, வாசலில் எரிந்துகொண்டிருந்தது.

பட்டப்பகலில் யாரும் வெளிச்சத்துக்காகப் பந்தம் கொண்டுவருவதில்லை.

இறங்கி ஓடினார். காவலாளி மண்டை பிளந்து படியில் குப்புறக் கிடந்தார். இரும்புக் குழாய்களோடு நின்ற பத்துப் பேருக்கு முன்னால், பந்தத்தைப் பிடித்திருந்தவன் அகராதியின் தங்கை புருஷன். லேத் பட்டறைக்காரன். துணியைக் கம்பி வைத்து முறுக்கிக் கட்டியிருந்தான். வேலை தெரிந்தவன் கட்டு, பிசிறு இல்லை. டீசல் சொட்டியது.

"நகருங்க மச்சான். உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல."

அச்சகத்தில் புத்தகம் கட்டும் பைண்டர் பின்கட்டில், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். இருக்கிறான் என்றால் இழுத்துப் போட்டு அடித்தே கொல்வார்கள். இல்லை என்றால் கட்டடத்தோடு கொளுத்துவார்கள்.

பெற்ற மனம் பித்து என்பார்கள். அதை நம்பி, வெளியே சொல்லமாட்டேன் என்று பைண்டருக்கு வாக்குக் கொடுத்திருந்த ரகசியத்தை அகராதி உடைத்தார்.

"மாப்ளே, அவன் மட்டும் இல்ல. உன் பொண்ணும் உள்ளதான் இருக்கா. காலைல ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிட்டாங்க."

"தெரியும். அவளுக்குத்தான் கொண்டுவந்தேன்."

பந்தம் கதவை நோக்கி நீண்டது.

அகராதி அதன் எரியும் தலையை இரண்டு கைகளாலும் பிடித்தார். தோல் பொசுங்கியது. தங்கை புருஷன் கழியை வெடுக்கென்று இழுத்தான், வயிற்றில் உதைத்தான். பின்னாலிருந்து ஒரு குழாய் தோளில் இறங்கி எலும்பை முறித்தது. மண்டியிட்டார், விடவில்லை.

பின்வாசல் தாழ்ப்பாள் திறந்தது. சந்தில் இரண்டு பேர் ஓடும் சத்தம் கேட்டுத் தேய்ந்தது.

அதற்குப் பிறகுதான் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்.

பிரியவில்லை.