சித்திரையில் சிவப்பு

பையிலிருந்து அந்தப் பழைய ஆய்வுக் கட்டுரையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பதினான்கு பக்கம். ஓரங்கள் பழுத்திருந்தன.

கோவில்பட்டியில் பழைய தோழி செண்பகவல்லியின் வீட்டுக்கு அவள் வருவது இதுதான் முதல் முறை. அவள் ஓய்வு பெற்று ஒரு வாரம் ஆகியிருந்தது.

அடுக்களையில் வல்லி காப்பி ஆற்றும் சத்தம் கேட்டது.

அவள் பக்கத்தைப் புரட்டினாள். உள்ளே அந்தப் படம்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு. சென்னையில் ஓர் அலுவலகத்தின் மூன்றாம் மாடி. செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பார்த்து, தரையில் எங்கே என்ன இருக்கிறது என்று வரைபடம் போடும் வேலை. அங்கே பெண்கள் இரண்டே பேர். அவளும் வல்லியும்.

கணினி அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. குளிரில் பாதம் விறைத்துப்போகும். இருவருக்கும் சேர்த்து ஒரே ஸ்வெட்டர். ஆளுக்கு அரை நாள்.

கண்ணாடி மேசை. அடியில் குழல்விளக்கு. மேலே ஃபிலிம். அதன்மேல் டிரேசிங் தாளை விரித்து, குனிந்து, கோடு கோடாக வரைய வேண்டும். சாயங்காலம் நிமிரும்போது கழுத்து சொன்ன பேச்சைக் கேட்காது.

அந்தப் படங்களில் பச்சையே கிடையாது. செடியும் மரமும் பயிரும் எல்லாம் சிவப்பாகத்தான் தெரியும். முதல் நாள் அதைப் பார்த்து இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஏன் சிரித்தோம் என்று இப்போது நினைவில்லை.

ஒரு நாள் ராமநாதபுரம் மாவட்டத்தின் படம் வந்தது.

கண்மாய்களைச் சுற்றித் திட்டுத் திட்டாகச் சிவப்பு.

நெல் என்று அவள் குறித்தாள். அதிகாரியும் சரி என்றார்.

வல்லி மட்டும் படத்தின் மூலையிலிருந்த தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்திரையில அங்க ஏதுடி நெல்லு? தையிலயே அறுத்திருப்பாங்களே."

அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு வல்லி பதினோரு நாள் அலைந்தாள். பன்னிரண்டாம் நாள் நேரில் போய்ப் பார்க்க ஜீப் கிடைத்தது.

கண்மாய் கண்மாயாகப் போனார்கள். தண்ணீரே இல்லை. கரையிலும் நீர் நிற்கும் உள்வாயிலும் தரிசு வயலிலும் சீமைக்கருவேலம் அடர்ந்து நின்றது. நெல் என்று குறித்ததெல்லாம் முள்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தச் சிவப்பை நெல் என்று குறித்ததை வல்லி விளக்கிச் சொன்னதும் கேட்டார்.

"பச்சையா நின்னா வெள்ளாமையா, தாயி?"

அதை வல்லி நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு இருவரும் கரைமேல் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றார்கள். தலையெல்லாம் புழுதி. ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

அவள் பிறகு எத்தனையோ நாடுகளுக்குப் போய்விட்டாள். அப்படி ஒரு மத்தியானம் வாய்க்கவில்லை.

ஆனியில் வல்லிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் வேலை வேண்டாம் என்றார்கள்.

அந்த முள்காட்டைப் பற்றிய கட்டுரையைக் கார்த்திகையில் அவள்தான் தட்டச்சு செய்தாள். தலைப்புக்குக் கீழே மூன்று பெயர்கள். அதிகாரி பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துவிடச் சொன்னார்.

"வேலைய விட்டுட்டுப் போனவங்க பேரு எதுக்கும்மா?"



அவள் முதல் பக்கத்தை மட்டும் மறுபடி தட்டச்சு செய்தாள்.

அந்தக் கட்டுரையால் வேலை நிரந்தரமானது. நெதர்லாந்தில் பயிற்சி கிடைத்தது. அப்புறம் காடுகள், கடற்கரைகள், வெள்ளங்கள். எழுபது மீட்டருக்கு ஒரு புள்ளியாகத் தெரிந்த பூமி, வயலில் நிற்கும் மாட்டைத் தனியாகக் காணும் அளவுக்கு நெருங்கி வந்தது. முப்பத்தைந்து வருடம்.

மேடைகளில் அவளை அறிமுகப்படுத்துகிறவர்கள் அந்தச் சித்திரைக் கதையில்தான் ஆரம்பிப்பார்கள். அவள் எழுந்து கைகூப்புவாள்.

வல்லி காப்பியோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். தலை முழுக்க நரை. மேசைமேல் இருந்ததைப் பார்த்தாள். கையில் எடுக்கவில்லை.

"வல்லி, இதுல உன் பேரு..."

"தெரியும்."

வெளியே தெருவில் ஓர் ஆட்டோ போனது.

"கட்டுரை வந்த வருசமே படிச்சுட்டேன். மதுரை யுனிவர்சிட்டி லைப்ரரில. இடுப்புல பிள்ளையோட போனேன்."

அவள் காப்பி டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"ஒம்பதாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்குடி," என்றாள் வல்லி. "சாயல்குடிக்குத் தெக்க நீ கருவேலம்னு போட்டிருக்க. அது பனங்காடு. அந்தப் பக்கம் நாம போகவே இல்லயே."

இத்தனை வருடத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை. எத்தனை பேர் எத்தனை நாட்டிலிருந்து மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

"இத வெளியிட்ட பத்திரிகைக்கு எழுதிப் போட்டிருக்கலாமே, வல்லி."

"எழுதுனேன். கவர்ல போட்டு ஸ்டாம்பும் ஒட்டிட்டேன். அன்னைக்குத்தான் உன் லெட்டர் வந்துச்சு. வேலை நிரந்தரமாகப் போகுது, சாமிய வேண்டிக்கன்னு எழுதியிருந்த."

வல்லி முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

அவள் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து வல்லியின் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பைக்குள் துழாவி ஒரு பென்சிலை எடுத்து நீட்டினாள்.

வல்லி பென்சிலைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"பேனா இல்லயா?"