மூன்றாவது பண்பு

"தண்ணீரின் மூன்று பண்புகளைச் சொல்லவும்."

நடுவர் கேள்வியைப் படித்ததும் கோகிலவாணி டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அரூரில் நடக்கும் அறிவியல் வினாடி வினாவில் இதுதான் கடைசிக் கேள்வி. இரண்டு பள்ளிகளும் சமமாக நின்றன. இதைச் சொல்லிவிட்டால் கலைமதி மாவட்டப் போட்டிக்குத் தர்மபுரி போகலாம். மொரப்பூரை ஒட்டிய அவள் கிராமத்துப் பள்ளியிலிருந்து இதுவரை ஒருத்தரும் போனதில்லை.

ஏழாம் வகுப்புக் கலைமதி எழுந்து நின்றாள். திண்மம், நீர்மம், வாயு என்று எதைக் கேட்டாலும் பட்டென்று சொன்ன பெண். கற்பூரம் உருகாமலே எப்படி ஆவியாகிறது என்பதைக்கூடச் சொல்லியாயிற்று. தண்ணீர் என்ன பெரிய விஷயம்?

"நிறம் கெடையாதுங்க சார். மணம் கெடையாதுங்க."

"ம்... மூணாவது?"

கலைமதி கொஞ்சம் தயங்கினாள்.

"உப்புக் கரிக்குங்க சார்."

அரங்கமே சிரித்தது. நடுவர் மேசை மேலிருந்த சீல் பாட்டிலைத் திருகித் திறந்து ஒரு வாய் குடித்தார். "எனக்கு ஒண்ணும் கரிக்கலையேம்மா!"

மறுபடியும் சிரிப்பு. எதிர் அணிப் பையன் துள்ளி எழுந்தான். "சுவை இல்லை சார்!"

கைதட்டல். முடிந்தது கதை.

இருவரும் மொரப்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். பஸ் கிளம்பியதும் டீச்சர் ஆரம்பித்தாள்.

"ஏன்டி, 'தண்ணீருக்குச் சுவை இல்லை'ன்னு ஒரு பக்கம் முழுக்க எழுத வெச்சேனா இல்லையா?"

"எழுதுனேங்க டீச்சர்."

"அப்புறம் என்ன? மறந்துட்டியா?"

"மறக்கலீங்க."

"பின்ன?"

"மைக்குல கேட்டாருங்களா... அத்தனை பேரு முன்னாடி பொய் சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சுங்க."

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய்யா? புஸ்தகம் போட்டவங்க எல்லாம் முட்டாளு, நீ ஒருத்திதான் விஞ்ஞானி, அப்படித்தானே?"

"அப்படி இல்லீங்க டீச்சர். எங்க போர் தண்ணியில பருப்பே வேகாதுங்க. குடமெல்லாம் வெள்ளையாப் பூத்துக் கெடக்குதுங்க. எங்கம்மா சோத்துக்கு உப்பே போடறதில்லீங்க..."

"உங்கம்மா சமையலையா கேட்டாங்க? பரீட்சையில இப்படி எழுது, முட்டை போடுவாங்க. இந்த வருஷம் கண்டிப்பா ஜெயிப்பான்னு ஹெச்.எம். கிட்ட சொல்லிட்டு வந்தேன். இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?"

முன்சீட்டுக்காரர் திரும்பினார். "விடுங்க மேடம், பச்சைப் புள்ளை."

"நீங்க சும்மா இருங்க சார். நம்புன பொண்ணு கவுத்துட்டா. அந்த வலி எனக்குத்தான் தெரியும்."

கலைமதி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கத்திய கத்தில் டீச்சருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. நிற்பதாக இல்லை. கலைமதி பதறிப்போய்த் தன் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினாள். காலையில் பள்ளிக் குழாயில் பிடித்தது.

டீச்சர் அதைக் கையாலேயே தடுத்தாள்.

"வேணாம்... வேணாம். உங்க ஊருத் தண்ணியை... மனுஷன் வாயில வைக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து நான்... வீட்டுலேருந்துதான் கொண்டு வரேன்."

கைப்பையைத் திறந்து தன் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தாள். விக்கல் நின்றது. கோபமும் கொஞ்சம் இறங்கியது.

கலைமதி அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்... ஒரு வாய் குடிச்சுப் பாக்கட்டுங்களா?"

"இந்தா. அண்ணாந்து குடி."

குடித்தாள். உடனே விழுங்காமல் வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். இன்னொரு வாய் குடித்தாள். சப்புக்கொட்டிப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

பாட்டிலை இறுக்கி மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"மன்னிச்சுருங்க டீச்சர். நீங்க எழுத வெச்சது நெசந்தாங்க. தண்ணிக்குச் சுவையே இல்லீங்க."