ஒரு பிடி வைக்கோல்

கத்தி தோலில் இறங்கியபோது சாராள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பட்டணத்திலிருந்து சபையின் தலைமைப் பாதிரியார், பெரிய ஐயர், வரும் நாள். வேதக்கோயிலுக்குப் பின்னால் விருந்துக்கு அடுப்பு புகைந்துகொண்டிருந்தது.

"எனக்கு மட்டும் ஆசையா இன்னா" என்றார் உபதேசியார் சாலமோன். அவர் அறுத்தது ஆட்டை அல்ல. சாராளின் புருஷன் மோசஸ் விட்டுப்போன பறையை.

வெள்ளைக்காரப் பாதிரி இருந்தவரை பறைக்குக் கோயிலில் இடமில்லை. அவர் கப்பலேறி ஐந்து வருஷம் கழித்துத்தான் மோசஸ் அதைத் துணிந்து உள்ளே கொண்டுவந்தான். போன ஆடியில் அவன் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வாசலில் வைக்கோலைக் கொளுத்தி, தோல் விறைக்கப் பறைக்குச் சூடுகாட்டி, பாட்டுக்கு அடித்தவள் சாராள். அவனோடு பேசுகிற மாதிரி இருக்கும் அவளுக்கு.

"பரண்மேல ஒளிச்சு வச்சிருப்பேனே, உபதேசியாரே."

"பறை கீதான்னு அவரு கேட்டா? கோயில்ல நின்னுக்கினு பொய் சொல்லச் சொல்றியா?"

சட்டைப்பையிலிருந்து பெரிய ஐயரின் கடிதத்தை எடுத்து நாலாவது முறையாகப் படித்தார். "உங்கள் ஆராதனையில் பறை ஒலிப்பதாகக் கேள்விப்பட்டேன். ஞாயிறன்று நானே நேரில் வருகிறேன்."

"பாத்தியா? சாவு ஊட்டுல அடிக்கிறத ஆண்டவர் முன்னால அடிக்கிறாங்கன்னு எவனோ எழுதிப் போட்டுக்கீறான். கோயிலப் பூட்டிக்கினு போயிட்டா நம்ம சனம் எங்க போவும்?"

சாராள் கிழிந்த தோலை முந்தானையில் சுருட்டிக்கொண்டாள்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கினார் பெரிய ஐயர். வெள்ளை அங்கி, நரைத்த தலை. கையில் துணி சுற்றிய வட்டமான மூட்டை. அதை யாரையும் வாங்கவிடவில்லை.

"புதுக் காணிக்கைத் தட்டு போல கீது" என்று அஞ்சம்மாள் சாராளின் காதில் கிசுகிசுத்தாள். "அம்மாம் பெரிய தட்ட ரொப்ப நம்மகிட்ட இன்னா கீது?"

பெரிய ஐயர் நேரே சாராளிடம் வந்தார். "ஒரு பிடி வைக்கோல் கிடைக்குமாம்மா?"

"மாட்டுக்கு இப்பவே போடச் சொல்றேன் ஐயா, நீங்க உள்ள வாங்க" என்று சாலமோன் முந்திக்கொண்டார். பெரிய ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது.

புதுவாயலில் இரவல் வாங்கிய ஆர்மோனியம் முனகியது. ஒரு வாரமாகப் பழகிய இங்கிலீஷ் மெட்டைச் சனங்கள் கையைக் கட்டிக்கொண்டு பாடினார்கள். யாரும் அசையவில்லை. சாராளின் விரல்கள் மட்டும் மடியில் எதையோ தேடின. பெரிய ஐயர் யாருக்கோ காத்திருப்பவர்போல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசீர்வாதம் முடிந்ததும், "பறை எங்கே?" என்று கேட்டார்.

சாலமோன் நிமிர்ந்து நின்றார். "இல்லீங்க ஐயா. காலைலதான் எங்க கையாலயே கிழிச்சுப் போட்டோம். இனிமே அந்த அசிங்கம் இங்க நடக்காது."

சாராளின் முந்தானையிலிருந்து தோலின் ஓரம் வெளியே தெரிந்தது. பெரிய ஐயர் அதையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு மூட்டையின் முடிச்சை மெதுவாக அவிழ்த்தார்.

உள்ளே விளிம்பு தேய்ந்த பழைய பறை ஒன்று இருந்தது.

"எங்க நைனாவோடது" என்றார். அதுவரை பேசிய படித்தவர் பேச்சு அவர் வாயைவிட்டுப் போயிருந்தது.

சாராளின் பக்கம் திரும்பினார்.

"வைக்கோலு மாட்டுக்குக் கேக்கலம்மா."