நாற்பத்தோராம் புள்ளி

“முத்துவேல் சாரு கையெழுத்தே வாங்கிட்டாரு மேடம்!”

ஆய்வக உதவியாளர் வெள்ளைச்சாமி மூச்சு வாங்கச் சொன்னார். “ஞாயித்துக்கெழம சுண்ணாம்புக்கல் லாரிங்க நிக்கிற எடத்துக்கே போயி, பிரேம் பய கையில பேப்பரக் குடுத்து வாங்கியிருக்காரு. நான் கண்ணால பாத்தேன்.”

இயற்பியல் விரிவுரையாளர் புவனேஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாணவனின் கண்டுபிடிப்பை முத்துவேல் சுருட்டப் பார்க்கிறார் என்று இத்தனை நாளும் சந்தேகம்தான். இப்போது சாட்சியே வந்துவிட்டது.

பிரேம்குமார், எம்.ஃபில். மாணவன், கல்லங்குறிச்சிக்காரன். நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஆண்ட்ரோமெடா விண்மீன் கூட்டத்தை ஒரு செயற்கைக்கோள் எக்ஸ்ரே கண்ணால் பலமுறை படம் எடுத்திருந்தது. இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் அந்தப் படங்களை எடுத்துப் பார்க்கலாம். எந்தப் புள்ளி பிரகாசமாகிறது, எது மங்குகிறது என்று ஏழு மாதம் உட்கார்ந்து பார்த்தான் பையன்.

நாற்பத்தோராம் புள்ளி 2000-த்தில் பளிச்சென்று இருந்தது. 2001-ல் ஆளையே காணோம். 2002-ல் மறுபடி வந்து நின்றது. பக்கத்து நட்சத்திரத்தை இழுத்துத் தின்னும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. தீனி கிடைத்தால் பளிச்சிடும், கிடைக்காவிட்டால் மங்கும். இந்தப் புள்ளியைப் பற்றி உலகத்தில் யாரும் அதுவரை எழுதவில்லை.

அதைக் கட்டுரையாக எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தான். அந்த நேரம் பார்த்துத்தான் அவன் அப்பாவுக்கு விபத்தில் கால் போனது. படிப்பை விட்டுவிட்டு லாரி வேலைக்குப் போய்விட்டான்.

அவனுக்கு நெறியாளராக இருந்த முத்துவேலோ நான்கு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் அரியலூர் பிரௌசிங் சென்டரே கதி என்று கிடந்தார். கேட்டால், “அந்தப் புள்ளி வேலதாங்க மேடம், முடிச்சே ஆகணும்” என்பார்.

முடிக்காமல் என்ன? பையன் சமைத்து வைத்துவிட்டுப் போய்விட்டான். இலை போட்டுச் சாப்பிடுவதற்கு வலிக்குமா!

“விட மாட்டேன் வெள்ளைச்சாமி. கேக்க ஆளில்லாத பையன்னுதான இந்த ஆட்டம்?”

பிரின்சிபாலுக்குப் புகார் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை மத்தியானம் பிரௌசிங் சென்டருக்குள் நுழைந்தபோது, கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகளை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார் முத்துவேல்.

“சார், நேராவே கேக்குறேன். இந்தக் கண்டுபிடிப்பு யாரோடது?”

“பிரேமோடது.”

இப்படிச் சட்டென்று பதில் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

“அப்ப நீங்க நாலு மாசமா இங்க என்ன பண்றீங்க?”

“பத்திரிகைக்காகக் கட்டுரையப் பரிசோதிச்ச வெளிநாட்டுக்காரர் ஒரு கேள்வி போட்டுட்டாருங்க. கேமராவுக்குள்ள படம் பதியிற தகடுக்கும் தகடுக்கும் நடுவுல சின்ன இடைவெளி இருக்குது. புள்ளி அதுல போயி விழுந்திருந்தா, அது மங்குனதா ஆவாது. நமக்குத்தான் தெரியலன்னு ஆயிடும். பய ஏழு மாசம் பாத்த பாடெல்லாம் வீண். அதான் பதினெட்டுப் படத்துலயும் புள்ளி எங்க விழுந்திருக்குன்னு ஒண்ணொண்ணா அளந்துட்டேன்.” அவர் முகம் மலர்ந்தது. “இடைவெளியில விழல மேடம்! நெசமாவே மங்கிட்டுத்தான் திரும்ப வந்திருக்கு!”

“சந்தோஷம். ஞாயித்துக்கிழமை எதுல கையெழுத்து வாங்கினீங்க?”

“கட்டுரையத் திருத்திப் பத்திரிகைக்குத் திரும்ப அனுப்புற ஃபாரத்துல. எழுதினவங்கதான் போடணுமாம். நான் போட முடியாதுல்லங்க?”

மேசை மேலிருந்த கட்டுரையை எடுத்து நீட்டினார். தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர். பிரேம்குமார். புவனேஸ்வரி தாள்களைப் புரட்டினாள். முத்துவேலின் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், பொடி எழுத்தில் கிடந்தது.

“உங்க பேரு?”

“நான் அளந்துதானே பாத்தேன். கண்டது அவன். தனிப் பேரா வந்தா நாளைக்கு எங்கயாச்சும் உதவித்தொகை குடுத்துப் படிக்கக் கூப்புடுவாங்க. லாரியிலேருந்து அவன எறக்க எனக்கு வேற வழி தெரியலைங்க.”

புவனேஸ்வரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த மனிதரையா நான்கு மாதமாக வாய்க்கு வந்தபடி பேசினோம் என்று மனசு அடித்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நிமிர்ந்தாள்.

அதற்குள் அவரே தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

“மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுட்டு, பய இப்ப முரண்டு புடிக்கிறான். ‘உங்க பேரும் போட்டாத்தான் திரும்ப அனுப்பணும்’ங்கிறான். எனக்கு இதெல்லாம் புதுசு. நம்ம காலேஜுல கட்டுரை அச்சுல வந்தது உங்களுக்கு மட்டுந்தான். போன வருஷம் உங்க ஸ்டூடண்ட் சசிகலாதானே அதுக்குக் கணக்கெல்லாம் போட்டுக் குடுத்துச்சு? அந்தப் புள்ள பேர முன்னாடி போட்டீங்களா, உங்களுக்குப் பின்னாடி போட்டீங்களா? சொன்னீங்கன்னா நானும் அப்புடியே செஞ்சுடுறேன்.”

புவனேஸ்வரி கையிலிருந்த கட்டுரையை மேசை மேல் திரும்ப வைத்தாள்.

சசிகலாவின் பெயரை அவள் முன்னாலும் போடவில்லை, பின்னாலும் போடவில்லை.