தட்டாத ஒரு சாண்

ஷெட் கதவு வழியே சாய்ந்து விழும் வெயில், பாதி பிரித்த காரின் அடியில் மல்லாந்து படுத்திருப்பவனின் சுத்தியலில் மின்னுகிறது. தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று பேசும். துருவேறி இற்றுப்போனது பொத்தென்று காட்டிக்கொடுத்துவிடும். கதவு, தரை, பின்பக்கம் எல்லாம் தட்டியாயிற்று. வண்டியின் எடையைத் தாங்கும் அடிச்சட்டத்தில் ஒரு சாண்தான் பாக்கி. இந்தக் காரைச் சீராக்கச் செலவழித்த வருடக்கணக்கான ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அந்த ஒரு சாணில் தொங்குகின்றன. மாதக்கணக்காக அதைச் சுற்றிச் சுற்றியே தட்டிக்கொண்டிருக்கிறான். வாசலில், மனைவியின் தம்பி கட்டி இழுத்து வந்த பழைய ஜீப் நிற்கிறது. "மாமா, இதைத் தலைமுழுகிட்டு வாங்க. ஜீப்பைப் பிரிக்க ஆரம்பிச்சிடலாம்" என்கிறான் தம்பி. சக்கரத்தோரம் குந்தியிருக்கும் மனைவி குனிந்து பார்க்கிறாள். "அந்த இடத்தைத் தட்டிட்டு முடிவு பண்ணுங்களேன். நல்லா இருந்தா இது, இல்லன்னா அது." "தட்டிட்டேன்." "எனக்குக் கேக்கலையே?" அவன் நெற்றி வியர்வை காதுக்குள் இறங்குகிறது. சுத்தியலை ஓங்குகிறான்; கை அந்தரத்திலேயே நின்றுவிடுகிறது. அந்த ஒரு சாணிலிருந்து துருத்தூள் பொடிப்பொடியாக அவன் கன்னத்தில் உதிர்கிறது. இன்னும் யாரும் அதைத் தொடக்கூட இல்லை. "குடுங்க, நான் தட்டறேன்." அவள் கை உள்ளே நீள்கிறது. அவன் சுத்தியலை நழுவவிட்டு, அந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பொத்துகிறான், எதையோ உளறப்போகும் பிள்ளையின் வாயைப் பொத்துவதுபோல.